திகதி வரிசையில் அடுக்கிய கைபேசி

மனைவிக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்த மூன்றாம் நாள், அவளுடைய கைபேசித் திரையை நான் ஒழுங்குபடுத்தினேன். அவளுக்கு இன்னும் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்த நேரம். உதவி என்றுதான் நினைத்தேன்.

எந்தச் செயலி எந்தத் திகதியில் எங்கள் வீட்டுக்கு வந்தது என்பது என் நாட்குறிப்பில் இருக்கிறது. அந்த வரிசையிலேயே அடுக்கினேன். முதல் திரையில் ஊரடங்கில் மரக்கறி வாங்க இறக்கியவை, அடுத்ததில் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தவை, கடைசியில் மிச்சம். வெள்ளவத்தையில் இப்படியொரு கைபேசி வேறெவரிடமும் இராது என்று கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணி தாண்டி வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. நுகேகொடைக்குத்தானே என்று சாரதி சிங்களத்தில் கேட்டார். கடைசியாக ஓட்டோவில் கண் வைத்தியரிடம் போய்வந்த இடம் அது. ஒன்றும் விளங்காமல் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு உள்ளே போனேன். மனைவி கைபேசியைக் காதில் வைத்தபடி கட்டிலில் இருந்தாள்.

"அக்கா எடுக்கிறா இல்லை."

கொட்டாஞ்சேனையில் தனியே இருக்கும் அக்காவோடு தினமும் எட்டு மணிக்குக் கதைப்பாள். திரையில் அக்காவின் படத்தைத் தொட்டால் போதும். ஆனால் அவள் படத்தைப் பார்ப்பதேயில்லையாம். கீழ் வரிசை, வலது மூலை என்றால் அக்கா. அந்த மூலையில் நான் ஓட்டோ கூப்பிடும் செயலியை வைத்திருந்தேன்.

"பிறகு என்னவோ கேட்டுக் கேட்டு வந்தது, எல்லாத்துக்கும் கீழ இருந்த பொத்தானை அமத்தினன்," என்றாள்.

"என்ர போனில எடுத்துத் தாறன்."

"வேண்டாம். நீங்கள் பக்கத்தில நிண்டா அக்கா ஒண்டும் கதைக்கமாட்டா. முந்தி இருந்த மாதிரி வையுங்கோ. எழுதி வைச்சிருப்பீங்கள்தானே?"

நாட்குறிப்பைப் புரட்டினேன். திகதிகள் இருந்தன. எது எங்கே இருந்தது என்று ஒரு வரி கூட இல்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் இடங்களைக் காட்டினாள். நான் கட்டம் கீறி எழுதினேன். பஞ்சாங்கம், பக்கத்தில் வங்கி, கீழே மின்சாரக் கட்டணம்.

"இது என்ன ஒழுங்கு?"

"நாள் பார்த்துத்தானே வங்கிக்குப் போறது."

"அப்ப மின்சாரம்?"

"அது அங்கதான் இருந்தது."

இரண்டாம் வரிசையில் விரல் நின்றது. "இங்கயும் ஒண்டு இருந்தது. என்னெண்டு தெரியாது. ஆனா அமத்துறனான்."

தேடினேன். எல்லாச் செயலிக்கும் இடம் சொல்லிவிட்டாள், மிச்சம் ஒன்றுமில்லை. நான் எதையும் அழிக்கவுமில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

அக்காவை மூலையில் வைத்துக் கைபேசியைக் கொடுத்தேன். அவள் பார்க்காமலே தொட்டாள். மணி இரண்டு முறை அடித்தது.

"ஓம் அக்கா, சுணங்கிப்போச்சு. இவர் அடுக்கினவர்," என்றவள், என்னை வெளியே போகும்படி கையால் காட்டினாள்.

முன்னறையில் இருந்து அன்றைய திகதியை எழுதினேன். உள்ளே சிரிப்புக் கேட்டது. அந்த வெறுங்கட்டத்தில் என்ன இருந்திருக்கும் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.