இரண்டாம் பாகத்து அண்ணன்

முதலாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த அண்ணன் ஆற்றுக்குள் விழுந்தான். தங்கச்சி தப்பி ஓடும்வரை கோட்டைக் கதவை முதுகால் முண்டுகொடுத்துப் பிடித்திருந்தான். பாலம் உடைந்தபோது அதோடு சேர்ந்து அவனும் போனான். கரையெல்லாம் தேடியவர்களுக்கு அவனுடைய போர்வை மட்டும் கிடைத்தது. அத்தோடு புத்தகம் முடிந்தது. மிச்சம் அடுத்த வருடம் என்று ஒரு வரி போட்டுவிட்டு எழுதிய மனுசி போய்விட்டார். எனக்கென்றால் அது கதை சொல்லும் முறையாகவே தெரியவில்லை. பந்தியில் இருத்திச் சோற்றைப் போட்டுவிட்டு, கறி நாளைக்கு வரும் என்றால் யார் பொறுப்பார்கள்?

அப்போது மகள் ஒன்பதாம் வகுப்பு. ஊரைவிட்டு வந்து, கிரவீனில் இப்போது இருக்கும் இதே வீடுதான். அழுது சிவந்த கண்ணோடு குசினிக்குள் வந்தாள். இவர், என் கணவர், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை அவள். அண்ணன் சாகவில்லை, கட்டாயம் திரும்பி வருவான் என்றாள்.

"எப்பிடிப் பிள்ளை சொல்லுறாய்?" என்று இவர் கேட்டார்.

"நோ பாடி, நோ டெத், அப்பா."

இந்த வகைக் கதைகளில் அது ஒரு சட்டமாம். உடலைக் காட்டாவிட்டால் ஆள் சாகவில்லை என்று அர்த்தமாம். வாசிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியுமாம். இவர் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "அந்தப் புத்தகத்தை ஒருக்கால் தா பாப்பம்" என்றார். ஆங்கிலத்தில் பத்திரிகையைத் தவிர வேறெதையும் வாசித்து நான் பார்த்திராத மனிதர். மகளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது.

எங்கள் ஹோலில் இவருடைய அண்ணரின் படம் மாட்டியிருக்கிறது. மாமனாரின் படத்துக்கு மாலையும் சின்ன மின்விளக்கும் உண்டு. அண்ணரின் படம் அந்தப் பக்கமே இல்லை. மகளின் பள்ளிக்கூடப் படங்களோடு, உயிரோடு இருப்பவர்களின் சுவரில் இருக்கிறது. ஊரில் கடைசிச் சண்டை முடிந்த நாட்களில் அவரை இராணுவத்தினர் பேருந்தில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர் ஒருவரும் இல்லை. மாமி, இவருடைய அம்மா, இருந்த காலத்தில், "அவன்ரை படத்துக்கு மாலை போட்டியள் எண்டால் எனக்கும் சேத்துப் போடுங்கோ" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். மாமி போன பிறகும் இவர் மாலை போடவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. நாள் தெரியாமல் எந்தத் திதியில் செய்வது என்று கேட்பார். அது சாட்டு. திதி தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசையில் செய்யலாம் என்று கோயில் ஐயரே சொல்லியிருக்கிறார்.

நல்ல மனிதர் அந்த அண்ணர். எங்கள் கலியாண வீட்டில் மறுபடி மறுபடி சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சமையல்காரரைக் கூப்பிட்டு, உப்புக் குறைவு என்று சொன்னவர். எனக்கும் அவரை நினைத்து அழ ஆசை. ஒழுங்காக, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்து, ஒரு நாளாவது வாய்விட்டு அழ ஆசை. இவர் விடவில்லை. அழாத சாவு ஒன்று வீட்டில் இருந்தால் சிரிப்பும் முழுதாக வராது.

இரண்டாம் பாகம் அடுத்த வருடம் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பைப்போல ஒரு சந்தோஷத்தை நான் எங்கள் வீட்டில் கண்டதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். புத்தகத்தின் முன்பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. தகப்பனும் மகளும் அதை மேசையில் விரித்து வைத்து, ஆறு எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது, விழுந்தவன் எங்கே கரை ஒதுங்கியிருப்பான் என்று விரல் வைத்துத் தேடுவார்கள். பனிமலைச் சூனியக்காரி அவனைக் காப்பாற்றி ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது மகளின் கட்சி. "சூனியக்காரி என்னத்துக்கு? அவன் நீந்தத் தெரிஞ்சவன். தொடக்கத்திலையே சொல்லியிருக்கு" என்பார் இவர். அவள் ஆங்கிலத்தில் சொல்வாள், இவர் தமிழில் மறுப்பார், இரண்டு பேருக்கும் அது தெரியவே தெரியாது. சோறு குழைத்த கை காயக் காயக் கதை போகும். ஊர் விடுப்பு வம்பு எல்லாம் முடிந்து இப்போது இல்லாத ஊர் விடுப்பும் தொடங்கிவிட்டீர்களா என்று நான் பேசுவேன். பேசிவிட்டு, கதவோரம் நின்று கேட்பேன்.

புத்தகம் கடைசியில் வந்தபோது மகள் யூனிவர்சிட்டிக்குப் போய்விட்டாள். இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் வாசிப்பது என்று சொல்லிக்கொண்டே, வெளிவந்த அன்று காலையில் பெண்டில் ஹில்லில் ரயில் ஏறி சிட்டிக்குப் போய் வாங்கி வந்தாள். பிறகு அறையிலிருந்து ஒரே முறைப்பாடு. பழைய கதையையே பக்கம் பக்கமாகத் திருப்பிச் சொல்கிறார்களாம். அவளுக்கு மிகப் பிடித்த பறக்கும் விலங்கு, வந்ததும் வராததுமாக நோய் கண்டு ஒரு குகையில் படுத்துவிட்டதாம். முதலாம் பாகத்தில் தனியாக மலையைக் கடந்த தங்கச்சி, இப்போது இரண்டு பெடியன்களில் யாரை விரும்புவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நிற்கிறாளாம்.

"அந்த ரெண்டு பேரையும் கட்டையிலை போகச் சொல்லிப்போட்டு அண்ணனைத் தேடச் சொல்லு" என்றேன்.

மகள் சிரித்தாள். அதற்குப் பிறகு அறையிலிருந்து சத்தம் இல்லை. வெளியே வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அம்மா, அவர் செத்திட்டார்."

தமிழில் சொன்னாள். அதனாலேயே நான் பயந்துபோனேன். "ஆர்?" என்றேன்.

"அண்ணன்."

கதையின் நடுவில், ஒரு மீனவர் குடியிருப்பில், கிழவி ஒருத்தி கற்குவியல் ஒன்றைக் காட்டுகிறாளாம். ஆறு கொண்டுவந்து போட்டவனை அவர்கள் புதைத்திருக்கிறார்கள். கல்லை நீக்கிப் பார்த்தால் எலும்பு, விரலில் தங்கச்சி கொடுத்த மோதிரம். தங்கச்சி தானே விறகு அடுக்கி, தானே நெருப்பு வைக்கிறாள். ஒரு அத்தியாயம் முழுக்க அதுதான். மற்றதெல்லாம் சொதப்பியவர் அதை மட்டும் அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார், அதுதான் தாங்க முடியவில்லை என்றாள் மகள்.

பெரியப்பாவைப் பற்றி இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். புத்தகம் சரியில்லை என்று சொல்லி அப்பாவுக்குக் கொடுக்காமல் விடுவோமா என்று கேட்டாள்.

"குடு" என்றேன்.

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பாள். எனக்கு ஒரு நப்பாசை. நானும் ஐயரும் உறவுக்காரரும் சொல்ல முடியாததை, எங்களைக் கண்ணாலும் கண்டிராத ஒரு வெள்ளைக்காரி சொல்லட்டும். அந்தப் பெடியனுக்காக அழுதால், அந்தச் சாட்டிலாவது தன் அண்ணருக்காக அழமாட்டாரா? முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும்.

இவர் வேலைக்குப் போகும் ரயிலில் வாசித்தார். நாட்காட்டியில் கிழித்த ஒரு தாளை அடையாளத்துக்கு வைத்திருந்தார். பின்னேரம் வந்து முகம் கழுவப் போனதும் நானும் மகளும் பையைத் திறந்து, தாள் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்போம். சின்னப் பிள்ளை கிணற்றடிக்கு நடந்து போவதைத் தூரத்தில் நின்று பார்ப்பதுபோல இருக்கும். சாப்பிடும்போது, "இன்னும் அண்ணனைக் காணேல்லை, இந்தப் பெட்டை பெடியளைப் பாத்துக்கொண்டு நிக்குது" என்று சலித்துக்கொள்வார். மகள் குனிந்து சாப்பிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து வாசித்து, கற்குவியல் வரும் அந்த இடத்துக்கு வந்துசேர்ந்தார். பக்கம் திருப்பும் சத்தம் நின்றதில் எனக்குத் தெரிந்தது. உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்த நான் கையை நிறுத்தினேன். மகள் அறை வாசலில் வந்து நின்றாள். நெடுநேரம் கழித்து, தாளை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடினார்.

"மோதிரத்தை வைச்சு எப்பிடிச் சொல்லுறது?" என்றார். "மோதிரத்தை ஆரும் கழட்டித் தங்கடை விரலிலை போடலாம்."

"அப்பா, ஷி நோஸ் இட்ஸ் ஹிம்" என்றாள் மகள் மெதுவாக.

"முகத்தைக் காணேல்லையே."

அவர் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "எண்டாலும் குடுத்து வைச்ச பிள்ளை. நெருப்பு வைக்க ஏதோ ஒண்டு கிடைச்சுது அவளுக்கு."

இதைவிட நல்ல நேரம் வராது என்று வாயைத் திறந்தேன். "இஞ்சருங்கோ, வாற ஆடி அமாவாசைக்கு அண்ணைக்கும் சேத்துச் செய்வமே?"

"உமக்கு விசரே?" என்று எழும்பிப் பின்வளவுக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு அவர் மேல் கோபம், எழுதிய மனுசி மேல் கோபம், பேருந்தில் ஏற்றியவர்கள் மேல் தீராத கோபம். யார் மேல் காட்டுவது? உள்ளியை உரித்து முடித்தேன். இவர் அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

ஆடி அமாவாசை, பூமியின் இந்தத் தென்பக்கத்தில், நல்ல குளிர் காலத்தில் வரும். மாமனாருக்காக இவர் வருடம் தவறாமல் கோயிலுக்குப் போவார். வேட்டிக்கு மேல் தடித்த ஜக்கெற். நான் முதல் நாளே காத்தோட்டிக்காய் வற்றலை ஊறப்போட்டுவிடுவேன். அன்றைக்கு அந்தக் கசப்புக் கறி இலையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இந்த முறை மகளும் கேட்காமலே கூட வந்தாள். கோயில் மண்டபத்தில் தகப்பன் இல்லாதவர்கள் எல்லாரும் வரிசையாக இருந்தார்கள். ஐயர் இவரிடம் வந்து தகப்பன் பெயர், பாட்டன் பெயர் கேட்டு, கையில் எள்ளும் தண்ணீரும் விட்டு மந்திரம் சொன்னார்.

"வேறை ஆருக்கும்?"

ஒவ்வொரு வருடமும் வரும் கேள்விதான். கேட்டு முடிக்கும் முன்பே "இல்லை, ஐயா" என்று இவர் சொல்லிவிடுவார். இந்த முறை சொல்லவில்லை. ஈர எள் ஒட்டியிருந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். மகள் பின்னால் நின்று என் கையைப் பிடித்தாள்.

"இன்னும் இல்லை, ஐயா" என்றார்.

ஐயர் அடுத்தவரிடம் போய்விட்டார். திரும்பி வரும்போது மகள்தான் கார் ஓடினாள். வீட்டுக்கு வந்து, கை கழுவும் தொட்டியடியில் இவர் அப்படியே நின்றார். கிட்டப் போய்ப் பார்த்தேன். வழி முழுக்க மூடியே வைத்திருந்த வலது கையில் கொஞ்சம் எள் மிச்சம் இருந்தது.

"இதை என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

தர்ப்பணத்து எள்ளை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. மற்ற நாளென்றால் வாசலிலேயே வைத்து ஏசியிருப்பேன். எனக்கு அழுகைதான் வந்தது. மகள் அலுமாரியைத் திறந்து மூடியுள்ள ஒரு சின்னப் போத்தலை எடுத்து வந்து, "வைச்சிருங்கோ, அப்பா" என்று அவர் கைக்குக் கீழே பிடித்தாள். அந்தப் போத்தல் இப்போது ஹோலில், பாதியில் நிற்கும் அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.