பெட்டிக்கு வைத்த பொட்டு

போன வருடம் நவராத்திரி கழிந்து மாரி மழை பிடிக்கத் தொடங்கிய காலம். இடம் கொக்குவிலில் எங்கள் வீடு. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் இருக்கும் என் மச்சாள்தான் பத்திரிகையில் வரும் இந்தப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டுவாள். "ஊரெல்லாம் எழுதுது, நீயும் ஒண்டு சொல்லன்" என்று அவளே பேனையோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பற்றி நான் சொல்லுவதை அவள் வெட்டிவிட்டால் எனக்குத் தெரியவா போகிறது!

என் மனுசன் போன பிறகு நான் தனியத்தான். மகள் கனடாவில், மகன் கொழும்பில். மச்சாள் வீட்டுக் கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போனதிலிருந்து மகளுக்கு நித்திரை இல்லை. தொலைபேசியிலேயே ஒழுங்கு செய்து என் வீட்டைச் சுற்றிக் கமரா பூட்டுவித்தாள். படமெல்லாம் ரீவிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வந்து சேரும். அப்போது வீட்டில் இன்டர்நெட் இல்லை, அதனால் நான் மட்டுந்தான் பார்க்கலாம். என்னத்தைப் பார்ப்பது? கேற்றடியில் படுத்திருக்கும் எங்கள் நாயையும் மாமரத்து அணிலையும்தான். பொய் சொல்லக்கூடாது, ரீவி நாடகத்தை விட அணில் நன்றாக நடித்தது.

கொஞ்ச நாளில் இன்டர்நெட்டும் வந்தது. இனி அந்தப் பெட்டியை அதோடு இணைத்துவிட்டால் மகள் கனடாவில் இருந்தபடியே என் வீட்டைப் பார்க்கலாமாம். மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: இது சரிவந்தால் நான் இங்கே இருக்கலாம். சரிவராவிட்டால் சனிக்கிழமை மகன் வந்து என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவான். வெள்ளவத்தைக் கடலோரம் இருக்கும் மகனின் பிளாட் நல்லதுதான். ஆனால் அது வானத்தில் அல்லவா இருக்கிறது! அங்கே போனால் காலில் மண் படாது. கோலம் போடுவதென்றாலும் மின்தூக்கிக்கு முன்னால்தான் போட வேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம் கமராக் கடையில் இருந்து ஒருவர் வந்தார். உரும்பிராய்க்காரர், நடுத்தர வயது, நல்ல பகிடிக்காரர். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கித் திருப்பினார். அப்படியே நின்றார்.

"என்னம்மா இது, பெட்டிக்கு ஆர் பொட்டு வைச்சது?"

வேறு யார், நான்தான். சரஸ்வதி பூசைக்கு எல்லோரும் புத்தகத்தையும் ஆயுதத்தையும் வைத்துக் கும்பிடுவார்கள். படிக்காத வீட்டில் புத்தகம் ஏது? அரிவாள், தேங்காய்த் திருவலை, கத்தரிக்கோலோடு புதிதாக வந்த பெட்டியையும் விட மனமில்லை. எங்களைக் காவல் காக்கிற சாமான் இல்லையா! மேலே ஒரு ஒட்டுத் தாளில் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சதுரமாக ஒன்று இருந்தது. பொட்டு வைக்கத்தான் இடம் விட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்து, சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்துப் பூசிக் குங்குமமும் வைத்தேன். அடுத்த நாள் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தேன். துடைத்தபோது சந்தனத்தோடு சதுரமும் பாதி போய்விட்டது, குங்குமக் கறை மட்டும் போகவில்லை.

அந்தச் சதுரத்தைத்தான் கைத்தொலைபேசியில் படம் பிடிக்க வேண்டுமாம். அதுதான் பெட்டியின் விலாசமாம்.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மச்சாள் சும்மா இருப்பாளா? "பொட்டோடை ஏன் விட்டனி? ஒரு மாலையும் போட்டிருக்கலாமே!" என்றாள். (எழுதடி, அதையும் எழுது.)

கமராக்காரர் சிரித்துக்கொண்டே, "பயப்பிடாதேங்கோ அம்மா, உந்தச் சதுரம் பெட்டிக்குள்ளையும் இருக்கு. ரீவியிலை எடுக்கலாம்" என்று மவுஸைப் பிடித்தார். ரீவியில் பார்த்தால் மூன்று வரிசையில் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைக் கோட்டால் தொடுத்தால்தான் பெட்டி உள்ளே விடும். முதலில் கமரா பூட்ட வந்தவர் போட்ட பூட்டு அது. அவரோ அதற்குள் கட்டாருக்குப் போய்விட்டார். தொலைபேசியும் கிடைக்கவில்லை. இவர் தனக்குத் தெரிந்தபடி இரண்டு மூன்று விதமாகக் கீறிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் சிவப்பாக ஏதோ எழுத்து வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் சிவப்புத் தெரியும்.

அவருடைய சிரிப்பும் நின்றுவிட்டது. "இன்னும் ஒருக்கா பிழைச்சால் பூட்டிக்கொள்ளும் அம்மா. பிறகு கொழும்புக்குத்தான் அனுப்ப வேணும். எப்ப திரும்பி வருமெண்டு சொல்ல ஏலாது."

பெட்டி கொழும்புக்குப் போனால் நானும் கொழும்புக்குப் போகவேண்டியதுதான். என் தொலைபேசியில் மகள் வேறு காத்துக்கொண்டிருந்தாள். அங்கே அவளுக்கு விடிந்து வேலைக்குப் போகிற நேரம். "அம்மா, நான் அப்பவே சொன்னனான், உடுப்பை அடுக்குங்கோ" என்றாள். நாய் வேறு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் அந்தப் புள்ளிகளை வடிவாகப் பார்த்தேன். முன்பு வந்தவர் வேலை செய்யும்போது நான் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பத் திரும்ப அதைக் கீறித்தான் உள்ளே போனார். வாசிக்கத் தெரிந்தவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள். நான் எப்போதும் கையைத்தான் பார்ப்பேன். அம்மாவிடம் கோலம் படித்ததும் அப்படித்தான்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. அந்தப் பொடியன் கீறினதை நான் கண்டனான்."

"கண்டனீங்களோ? ஞாபகம் இருக்கோ?"

ரீவியைப் பார்த்து யோசித்தால் ஒன்றும் வரவில்லை. உடனே குசினிக்குள் போய் ஒரு பிடி அரிசி மா எடுத்துவந்து நிலத்தில் குந்தினேன். புள்ளிகளை வைத்தேன். எங்கே தொடங்குவது? ஒன்று மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் கீழ் மூலையில் இருந்து தொடங்கினார். 'இதென்ன, ஆராவது கோலத்தைக் கீழே இருந்து தொடங்குவினமோ' என்று அன்றைக்கு மனத்துக்குள் குறை பிடித்திருந்தேன். கீழ் மூலையில் விரலை வைத்ததும் மிச்சத்தைக் கை தானாகப் போட்டது. மேலே ஏறி, குறுக்கே வந்து, நடுவில் நின்றது.

கமராக்காரர் நிலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, இது பிழைச்சால் என்னைப் பேசக்கூடாது."

"கீறுங்கோ தம்பி. பிழைச்சால் நான் வெள்ளவத்தையிலை கடல் பாப்பன்."

மச்சாள் வேலியை விட்டு உள்ளேயே வந்துவிட்டாள். அவர் மவுஸால் கீறி விட்டார். சிவப்பு வரவில்லை. பூட்டுத் திறந்தது! மச்சாள் என் தோளில் போட்ட அடியில் கையில் இருந்த மா முழுதும் என் சேலையில்.

அதற்குப் பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. ரீவியில் அந்தச் சதுரம் முழுசாக வந்தது. அதைப் போனில் பிடித்து மகளுக்கு அனுப்பினார். "கேற்றடியிலை போய் நில்லுங்கோ" என்றார். நான் மா பட்ட சேலையோடே ஓடிப்போய்க் கமராவுக்கு நேரே நின்று, கலியாண வீட்டுப் படத்துக்கு நிற்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

தொலைபேசியில் மகள் கத்தினாள். "அம்மா! தெரியுது அம்மா! உங்களைத் தெரியுது!" பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அது சரி, கேற்றுக்குக் கொழுக்கி போடேல்லையே? இப்பிடித்தான் எந்த நாளும் திறந்து விடுறனீங்களோ?" என்றாள். எனக்கு அந்தப் பேச்சு தேன் மாதிரி இருந்தது. சனிக்கிழமை மகன் வந்தான்தான், ஆனால் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. மூன்று நேரமும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, முருங்கைக்காயும் கட்டிக்கொண்டு தனியத்தான் திரும்பினான்.

அந்த வியாழக்கிழமை போகிறதுக்கு முன்னம் கமராக்காரர் ஒரு காரியம் செய்தார். "பழைய கீறலை நாங்கள் மூண்டு பேரும் கண்டிட்டம். இனி நீங்களே புதுசா ஒண்டு கீறுங்கோ அம்மா" என்று மவுஸை என் கையில் தந்துவிட்டு, அவர் மற்றப் பக்கம் திரும்பி நின்றார். மச்சாளையும் திரும்பச் சொன்னார். மவுஸ் எலிக்குஞ்சு மாதிரி வழுக்கியது, ஆனாலும் கீறி முடித்தேன். என்ன கீறினேன் என்று இங்கே சொல்லமாட்டேன். கள்ளரும் இந்தப் பக்கத்தை வாசிப்பார்கள். எழுதுகிற மச்சாளுக்கும் தெரியாது, அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது காலையில் கேற்றடியில் கோலம் போடும்போது கமராவை நிமிர்ந்து பார்த்து ஒருக்கால் கை காட்டுவேன். கனடாவில் மகள் படுக்கப் போகிற நேரம் அது, பார்த்துவிட்டுத்தான் படுப்பாளாம். இந்த வயது வரைக்கும் வங்கியிலும் கந்தோரிலும் மையில் பெருவிரலைத் தோய்த்து அழுத்தி, துடைக்கத் துணி தேடி நின்றவள் நான். அன்றைக்கு எல்லோரும் மரியாதையாகத் திரும்பி நிற்க, நானாக நினைத்து நானாகப் போட்ட அந்தக் கீறலைத்தான் என் முதல் கையெழுத்தென்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.