வெறும் வயிற்றோடு ஊசிக்குப் போனவள்

முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது என்று எலும்பு டாக்டர் சொன்னபோது, "தேயறதுக்கு நீ என்ன சந்தனக் கட்டையா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் சமணர்கள். வருஷம் தவறாமல் அக்காவும் நானும் ஆரணிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சமணக் கோயில் மலையான திருமலைக்குப் போய்ப் படியேறிக் கும்பிட்டு வருவோம். இரண்டு வருஷமாக அக்கா மட்டும் ஏறினாள். நான் அடிவாரத்தில் செருப்புக்குக் காவல். இந்தத் தடவை ஏறியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

ஆரணியில் பட்டுக்கடைகளுக்குப் பின்தெருவில் ஒரு அம்மா அக்குபஞ்சர் செய்கிறார். மாலை ஆறரைக்கு வரச் சொன்னார். ஊசி என்றால் ரத்தப் பரிசோதனை மாதிரித்தான் என்று நானாக முடிவு கட்டி, மத்தியானத்திலிருந்தே பட்டினி கிடந்து போனேன்.

"சாப்டீங்களாம்மா?"

"இல்லீங்க. ஊசியாச்சே, வெறும் வயித்தோட வந்தேன்."

"ஐயோ, மயக்கம் வந்துடும். ஜல்தியா ரெண்டு இட்லி சாப்டுட்டு வாங்க."

ஜன்னலைப் பார்த்தேன். இருட்டிவிட்டது. பொழுது சாய்ந்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை. அதைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று கேட்காமலே ஒரு உபவாசம் கிடைத்தது.

மறுநாள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கே போய் நின்றேன். முடி போல மெல்லிய ஊசிகள். மருந்து எதுவும் கிடையாது. குத்தும்போது இருந்த வலியைவிட நான் போட்ட சத்தம்தான் அதிகம். "தேஞ்சது வளராதும்மா. வலி குறையலாம். நடந்துகினே இருங்க" என்றார்.

ஆறாவது வாரம், கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி இறங்கினேன். இறங்கிவிட்டேன்! நம்பாமல் மறுபடி ஏறி, மறுபடி இறங்கினேன். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

திருமலையில் கால் நிற்காமல் முன்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அக்கா முதல் படியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எனக்கும் மூணு வருஷமா வலிதாண்டி. நீ கீழ உக்காந்துகினு இருந்தே. நானும் உக்காந்துட்டா நமக்காக யார் கும்பிடறதுன்னு பல்லைக் கடிச்சிகினு ஏறினேன். இப்பதான் நீ இருக்கியே."

அவளை உட்கார வைத்துவிட்டு ஏறினேன். மூச்சும் வாங்கியது, அழுகையும் வந்தது. மேலே போய் அவள் முழங்காலுக்காகத்தான் முதலில் கும்பிட்டேன்.