புது அட்டைக்குப் பழைய பேர்

என் மகள் திருத்தணியில் பிரவுசிங் சென்டர் வைத்த வருஷம், ஆயுத பூஜைக்கு ஐந்து கம்ப்யூட்டருக்கும் நான்தான் சந்தனம், குங்குமம் வைத்தேன். வீட்டில் அரிவாள்மனைக்கும் கிரைண்டருக்கும் செய்கிற மாதிரியே, மாவிலையால் மஞ்சள் தண்ணீரும் தெளித்தேன். மூலையில் இருந்த பெட்டிக்குப் பின்பக்கமும் ரெண்டு தரம். அது வழியாகத்தான் மற்ற நாலுக்கும் நெட் போகிறது என்று அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு எங்கே தெரியும்?

மறுநாள் எதிலும் நெட் இல்லை. மகள் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினாள். வந்தவர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன்.

"யம்மா, ஒரு எடத்துல குந்தேன். தல சுத்துது."

உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்துவிட்டேன்.

அரக்கோணத்திலிருந்து மெக்கானிக் வந்தார். ஒயர் சொருகுகிற அட்டை போய்விட்டது என்று புதுசு போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. நெட் மட்டும் வரவில்லை. பெட்டியையே கெடுத்துவிட்டேனோ என்று அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

அவர் கீபோர்டில் எதையோ தட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு நம்பர் இருக்குதுங்க. பெட்டி பழைய நம்பரையே புடிச்சிகினு, புதுச ரெண்டாவதுன்னு பேர் வச்சிருக்கு. நாம குடுத்த செட்டிங் எல்லாம் மொதலாவது பேர்ல கெடக்குது."

"அடுத்த வாட்டி மாத்தினா மூணாவதா?" என்றாள் மகள்.

"ஆங்."

"ஒவ்வொரு வாட்டியும் உங்கள கூப்ட்டுகினு இருக்க முடியாதுங்க. அட்டைய மாத்தினாலும் அது பாட்டுக்கு ஓடணும்."

பெட்டி அட்டையின் நம்பரைப் பார்க்காமல், அது சொருகியிருக்கிற இடத்தைப் பார்த்துப் பேர் வைக்கும்படி மாற்றி எழுதினார். அந்த இடத்தில் எது வந்தாலும் முதலாவதுதான். பையிலிருந்த இன்னொரு அட்டையைப் போட்டும் காட்டினார். நெட் வந்தது.

எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவர் பழைய அட்டையைத் திருப்பி, "ஈரம் பட்ட கறை இருக்குதே" என்றார்.

"கூரைதான் ஒழுவியிருக்கும். பில்டிங் ஓனர்கிட்ட இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரேன்." மகள் செருப்பை மாட்டினாள்.

பாவம், அந்த மனுஷன் மேல் பழி போகப்போகிறது. "நான்தாம்மா. பூஜைத் தண்ணி."

செருப்போடு நின்றாள். "காலையிலேர்ந்து இதுக்குத்தான் நடந்துகினு இருந்தியா?"

"வுடுங்க," என்றார் மெக்கானிக். "அம்மா அடுத்த வருஷமும் தெளிக்கட்டும். அதே எடத்துல வேற போட்டுக்கலாம்."

மகள் அவரை முறைத்தாள்.

அடுத்த பூஜைக்கு அந்தப் பெட்டியைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிட்டுத்தான் என் கையில் மாவிலையைக் கொடுத்தாள்.