அக்கா ஓட்டியது இரண்டு வண்டி

முப்பது வருஷமாக வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பிழைப்பு நடத்துபவன் நான். ஏர் ஃபில்டருக்குள் எலி குட்டி போட்டு வளர்த்ததைப் பார்த்திருக்கிறேன். பிரேக் குழாயின் ஓட்டையைச் சைக்கிள் டியூபால் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி வந்த மகானையும் பார்த்திருக்கிறேன். லேசில் எதற்கும் ஆடிப்போகிற ஆள் இல்லை. ஆனால் கண்ணாடிக்கார அக்காவின் பழைய பிக்கப்பைத் தூக்கி நிறுத்திச் சுரண்டிய அன்று காலை, கையில் இருந்த கம்பி பிரஷ் நழுவி என் மூக்கின் மேலேயே விழுந்தது. வலி எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

அக்காவும் அவர் வீட்டுக்காரரும் என் பட்டறைக்கு நாலு கடை தள்ளிக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்கள். ஜன்னல், கதவு, கடை முகப்பு, எல்லாவற்றுக்கும் அளவெடுத்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பார்கள். வெட்டுவது வீட்டுக்காரர். கொண்டுபோய் மாட்டுவது அக்கா. மனுஷனுக்கு ஸ்டீயரிங்கைத் தொட்டாலே வியர்த்துக் கொட்டும். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பழகப் போய், நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரியில் இடித்துவிட்டு, "அதுதான் வந்து இடிச்சுது" என்று இன்றுவரை சாதிக்கிறார். அதனால் வண்டி, வண்டி சம்பந்தப்பட்ட எல்லாம் அக்காவின் தலையில்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த பிக்கப்பை வாங்கியபோதே அது நாலைந்து கை மாறி வந்த கிழடு. அக்கா அதைப் பெற்ற பிள்ளை மாதிரி தேற்றினார். உள்ளே சீட்டைத் தானே பிரித்துத் தைத்தார். தானே சுரண்டி வெள்ளை பெயின்ட் அடித்தார். இஞ்சின் வேலை மட்டும் என் கைக்கு வரும். வாங்கிய இரண்டாம் வருஷம், பின்பக்கம் கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்த இரும்பு ஸ்டாண்டு ஒன்று வைத்துக் கொடுத்தார் அக்காவின் அண்ணன்.

அண்ணன் வெல்டர். இடது கையால் வேலை செய்கிறவர், அதனால் தெருவுக்கே அவர் 'பீச்சாங்கை'. கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். இரும்பில் அவர் போடும் தையலைப் பார்த்தால் மிஷினில் தைத்தது போல இருக்கும். ஒவ்வொரு தையலும் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு சுழி வைப்பார், கையெழுத்தின் கடைசியில் இழுத்துவிடுவது மாதிரி.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கச்சி வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விடுவார். கிரீஸ் அடிப்பார், டார்ச் அடித்துப் பார்ப்பார், துரு பிடிக்கக் கூடாதென்று கறுப்புப் பூச்சு அடிப்பார்.

"அண்ணே, என் பொழப்புல மண்ணைப் போடுறீங்களே" என்பேன்.

"தங்கச்சி வண்டிப்பா. நான் பாக்காம வேற எவன் பாப்பான்?" என்பார்.

என் வீட்டுக்காரி தன் அண்ணனிடம் அவரைக் காட்டிக் காட்டியே உயிரை எடுப்பாள். அண்ணன் என்றால் அப்படி இருக்க வேண்டுமாம்.

போன வருஷம் ஒருநாள் அக்கா பட்டறைக்குள் வந்து ஒரு அட்டைத் துண்டை நீட்டினார். அதில் பென்சிலால் இரண்டு எண்கள்.

"கேபினுக்கும் பின்னால பாடிக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கில்ல தம்பி, அதோட மேல்பக்கம். காலியா இருக்கப்ப நாப்பது மில்லிமீட்டர். கண்ணாடி ஏத்தினா இருபத்தாறு."

"கேபினைத் தாங்குற ரப்பர் தேஞ்சிருக்கும் அக்கா."

"போன மாசம் ஏத்தினப்ப முப்பத்தி ரெண்டு."

ஒரு மில்லி பிசகினாலும் கண்ணாடி சட்டத்தில் உட்காராது. அந்தக் கண் அவருக்கு. அந்த மாதத்தில் மட்டும் மூன்று கண்ணாடி காரணமில்லாமல் வழியிலேயே விரிசல் விட்டிருந்தது. நான் சிரித்துக்கொண்டேதான் வண்டியை உள்ளே வாங்கினேன். சிரிப்பு அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

இந்த மாதிரி வண்டிகளுக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால்வரை இரண்டு நீள இரும்புச் சட்டங்கள் ஓடும். சேசிஸ் என்போம். இஞ்சின், கேபின், சரக்கு, உட்கார்ந்திருக்கிற ஆள், எல்லாவற்றையும் சுமப்பது அதுதான். நல்ல வண்டியில் அது ஒரே துண்டாக இருக்கும். கேபினுக்குப் பின்னால், ஸ்டாண்டைத் தாங்க அண்ணன் போட்ட பட்டை இரும்புக்குப் பக்கத்தில், கறுப்புப் பூச்சில் ஒரு மயிரிழைக் கோடு தெரிந்தது. பூச்சைச் சுரண்டினேன். கோடு இறங்கிக்கொண்டே போனது. பட்டை இரும்பைக் கிரைண்டரால் வெட்டி எடுத்தேன்.

அடியில் ஒரு பழைய தையல். சட்டத்தை நேர்க்கோட்டில் வெட்டி, முட்டுக்கு முட்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். தையலுக்கு முன்பக்கம் ஆதி பெயின்ட் நீலம், பின்பக்கம் சிவப்பு. அடுத்த சட்டத்துக்கு உருண்டு போய்ப் பார்த்தேன். அதே இடம், அதே நீலம், அதே சிவப்பு. அப்போதுதான் பிரஷ் விழுந்தது.

ஏதோ விபத்தில் பின்பாதி நொறுங்கிய ஒரு வண்டி. முன்பாதி நொறுங்கிய இன்னொரு வண்டி. இரண்டின் நல்ல பாதிகளைச் சேர்த்து ஒட்டி ஒரு வண்டி என்று விற்றிருக்கிறார்கள். அக்கா ஒன்பது வருஷமாக ஓட்டியது இரண்டு வண்டியை. நானும் அத்தனை வருஷம் அதற்கு அடியில் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்துக் கிடந்திருக்கிறேன்.

"வெளிய வந்து சொல்லு தம்பி, என்ன?" அக்காவின் குரல்.

சொன்னேன். ஒரு தையல் பாதிக்கு மேல் விட்டுவிட்டது, இன்னும் நாலு நடை போயிருந்தால் ரோட்டில் இரண்டாகியிருக்கும் என்றேன். அக்கா என் டார்ச்சை வாங்கிக்கொண்டு அடியில் போனார். நேரமாகியும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது எங்க அண்ணனோட தையல்."

"பட்டை இரும்பு அவர் போட்டதுதானே அக்கா, அதைச் சொல்றீங்களா?"

"அதைச் சொல்லலை. இதைச் சொல்றேன். பழசை."

டார்ச்சைச் சாய்த்துக் காட்டினார். வலதிலிருந்து இடமாகச் சரிந்த வரிகள். கடைசியில் ஒரு சுழி. நான் எழுந்து போய் மேலே ஸ்டாண்டின் தையலைப் பார்த்தேன். திரும்பவும் அடியில் போய்ப் பார்த்தேன். இரண்டும் ஒரே கை. இதை நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை.

அக்கா ஃபோனை எடுத்து, "அண்ணா, பட்டறைக்கு வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பத்து நிமிஷத்தில் வந்தார். வாசலில் கால் வைத்தவர், தூக்கி நிறுத்தியிருந்த வண்டியையும் கழற்றிப் போட்டிருந்த பட்டை இரும்பையும் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"அந்தத் தையல் யாருது?" என்றார் அக்கா.

"என்னுதுதான்."

"எப்போ வச்சது?"

"இருபத்தி ரெண்டு வயசுல. ஒரு வண்டி வியாபாரிகிட்ட வேலைக்கு இருந்தப்ப. தோட்டத்துக்குள்ள தண்ணி இழுக்கிற வண்டி, ரோட்டுக்கே வராதுன்னான். ஒட்டிக் கொடுத்தேன். அவன் செத்தும் போயிட்டான்."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வயசுக் கோளாறு, விவரம் தெரியாத காலம், அது எப்படியோ சுற்றிச் சுற்றித் தங்கச்சியிடமே வந்து சேர்ந்திருக்கிறது, அவர் பாவம் என்ன செய்வார் என்று நினைத்தேன். அக்கா அடுத்ததைக் கேட்டார்.

"இது அந்த வண்டின்னு உனக்கு எப்போ தெரியும்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாயைத் திறந்து சொல்லு அண்ணா."

"ஸ்டாண்டு போட்டப்ப."

"ஏழு வருஷம்."

"அதுக்குத்தான்மா பட்டை இரும்பு போட்டேன். ஸ்டாண்டுக்கு அது தேவையே இல்ல. மாசாமாசம் வந்து பாத்துக்கிட்டே இருந்தேன். சொல்லிடணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வருவேன். அடியில படுத்து யோசிச்சு வச்சுக்கிட்டு வெளிய வருவேன். நீ டீயைக் கையில வச்சுக்கிட்டு, 'எங்க அண்ணன் மாதிரி யாருக்கு வாய்க்கும்'னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக்கிட்டிருப்ப. வாய் வராதும்மா."

நாங்கள் பாசம் என்று பார்த்துப் பொறாமைப்பட்டதெல்லாம் பயம். பாசமும்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிமிஷம் அந்த மனுஷனை எந்தக் கண்ணால் பார்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

"என் பொண்ணு நடு சீட்டுல உக்காந்துதான் பள்ளிக்கூடம் போனா."

"தெரியும்மா."

"தெரியும்."

அந்த ஒரு சொல்லை அக்கா திருப்பிச் சொன்னபோது அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. அக்கா வண்டியின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு கேட்டார்:

"இந்த மாதிரி எத்தனை ஒட்டின?"

"அது வந்து..."

"எத்தனை?"

இடது கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினார்.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. பட்டறையில் கம்ப்ரஸர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை நிறுத்தினேன். நிறுத்தியபிறகு இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த வாரம் பழைய இரும்புக் கடையில் அதே மாடலுக்கு ஒரே துண்டான சேசிஸ் கிடைத்தது. நானும் அக்காவும் சேர்ந்து அளந்தோம். மூலைக்கு மூலை இழுத்துப் பார்த்து இம்மியும் பிசகில்லை என்ற பிறகே தூக்கி வந்தோம். கேபினைக் கழற்றி இறக்கி, இஞ்சினை இறக்கி, ஒவ்வொன்றாகப் புதுச் சட்டத்தில் ஏற்ற வேண்டும். அக்கா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "ஒரு பொட்டு நெருப்பு இதுல படக்கூடாது. எல்லாம் போல்ட்டு."

அண்ணன் தினமும் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். அக்கா கண்டுகொள்ளவில்லை. அஞ்சாம் நாள் கேபினைத் தூக்கும்போது ஆள் போதாமல் நான் திணற, அக்கா திரும்பிப் பார்க்காமலே, "நிக்கிறவங்க ஒரு கை புடிக்கலாம்" என்றார். அவர் ஓடி வந்தார். அதற்கப்புறம் ஒரு வாரம் கூடவே இருந்து நட்டு முடுக்கினார். அந்த ஒரு வாரமும் அக்கா அவரிடம் பேசிய மொத்தப் பேச்சு, "பதினேழு", "பத்தொம்பது", "அது இல்ல, பாக்ஸ் ஸ்பானர்". அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எடுத்து எடுத்துக் கொடுத்தார். ஸ்டாண்டையும் துளை போட்டுப் போல்ட்டில்தான் மாட்டினோம். கண்ணாடி முழுக்க ஏற்றி அளந்தோம். நாற்பது, நாற்பதாகவே நின்றது.

வண்டி ஓடத் தொடங்கிய அன்று அக்கா அண்ணனைப் பக்கத்தில் ஏறச் சொன்னார்.

"மத்த மூணையும் தேடணும். எந்தக் கலரு, யாருக்கு வித்தான், ஞாபகம் வந்ததையெல்லாம் சொல்லிக்கிட்டே வா."

நாலும் ஒரே மாடல்தான் என்றார் அண்ணன். நான் எனக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன்: அந்த மாடல், கேபினுக்குப் பின்னால் சுரண்டிப் பார், சுழி இருந்தால் கூப்பிடு என்று. ஒன்று பழைய இரும்புக் கடையில் எப்போதோ நசுங்கிப் போய்விட்டது தெரிந்தது. அதைக் கேட்டு அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

இரண்டாவது, நாற்காலி வாடகைக்கு விடும் ஒரு பெரியவரிடம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் போய்ச் சொன்னால் மனுஷன் எகிறினார். "நல்லா ஓடுற வண்டிக்கு நொட்டை சொல்லி, அடிமாட்டு விலைக்குத் தட்டிக்கிட்டுப் போகலாம்னு பாக்குறீங்களா?"

அக்கா வாதாடவில்லை. தெருவிலேயே படுத்து அடியில் போனார். கம்பி பிரஷ் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஐயா, ஒரு தடவை குனிஞ்சு பாருங்க" என்றார். பெரியவர் முனகிக்கொண்டே குனிந்தார். நிமிர்ந்து, அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளில் ஒன்றை உருவிப் போட்டு உட்கார்ந்தார்.

"யாருய்யா இந்த வேலையைப் பண்ணவன்?"

அண்ணன் ஒரு எட்டு முன்னால் வந்து, "நான்தான்யா" என்றார். பெரியவர் அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். அக்கா ஓடிப் போய் வாங்கி வந்தார். அந்த வண்டியை அன்றே கட்டி இழுத்து என் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினோம்.

மூன்றாவது இன்னும் கிடைக்கவில்லை. பச்சை நிறம், வலது கதவில் ஒரு நெளிவு, இவ்வளவுதான் அண்ணனுக்கு ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எத்தனை பெயின்ட் மாறியிருக்குமோ.

போன வாரம் ஒரு கடை முகப்புக்குக் கண்ணாடி மாட்ட அக்காவுடன் போயிருந்தேன். எதிரே அந்த மாடல் பிக்கப் ஒன்று, செங்கல் ஏற்றி நின்றது. நான் கவனிப்பதற்குள் அக்கா ரோட்டைத் தாண்டிப் போய் அதற்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் டீக்கடையிலிருந்து ஓடி வந்து, "யாரும்மா நீ? என்ன தேடுற?" என்று சத்தம் போட்டார்.

அக்கா எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. உங்க வண்டி நல்ல வண்டி. போயிட்டு வாங்க."