கல்வராயன் மலையில் ஐம்பது கிலோமீட்டர்

விருத்தாசலம் என்றால் பழைய மலை என்று அர்த்தம். ஆனால் ஊரில் ஏறி இறங்குவதற்கு ரயில்வே மேம்பாலத்தை விட்டால் வேறு மேடு கிடையாது. கல்வராயன் மலையில் ஓடுவதற்கு நான் அந்தப் பாலத்தில்தான் பழகினேன். விடிவதற்கு முன்பே போய், லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஏறுவேன், இறங்குவேன், திரும்பவும் ஏறுவேன்.

நான் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். என் கணவர் ஒரு செராமிக் கம்பெனியில், கல்லையும் களிமண்ணையும் மாவாக அரைக்கும் மில்லில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வரும்போது கண்ணிமைகூட வெள்ளையாக இருக்கும். குளித்தால் போய்விடும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். இருமல் நிற்காமல் போனபோது முதலில் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், தூசு நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, குணப்படுத்த மருந்து இல்லை, ஆக்சிஜன் வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

நுரையீரல் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் மிஷின் வாங்கிக்கொடுக்கப் பணம் திரட்டுவதற்காகக் கல்வராயன் மலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம் நடத்துகிறார்கள் என்று பள்ளியில் இன்னொரு டீச்சர்தான் சொன்னார். அன்றைக்கே பெயர் கொடுத்தேன். ஏன் ஓடுகிறீர்கள் என்று நடத்துபவர்கள் போனில் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன்.

"நீ ஓடுனா எனக்கு மூச்சு வந்துருமா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை என்றேன். அவரும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அவருடைய தம்பி காரை ஓட்டினார். பின்சீட்டில் அவர் பக்கத்தில் சின்ன சிலிண்டர் ஒன்று இருந்தது.

காலையில் எல்லோரோடும் சேர்ந்துதான் கிளம்பினேன். முதல் ஏற்றத்திலேயே பாலம் வேறு, மலை வேறு என்று புரிந்துவிட்டது. ஒரு வளைவு முடிந்தால் அதற்கு மேல் இன்னொரு வளைவு நின்றது. ஏறுவதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், மரவள்ளித் தோட்டங்களின் நடுவே இறங்கும்போது இடது முட்டி பிசகிவிட்டது. அதற்குப் பிறகு நடைதான். என்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், ஆளுக்கொரு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் தாண்டிப் போகவும் யாருமில்லை. கொள்ளுக்காட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்து, எங்கே போகணும், இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ் வருமே என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசி மலைக்கு முன்னால் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். நேரம் முடிந்துவிட்டது, இனி விடக்கூடாது என்று ஒரு பெண் தன்மையாகச் சொன்னாள். நடந்தாவது வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அவள் என் சட்டையில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏற்றிவிட்டாள்.

ஓட்டம் முடியும் இடத்தில் பந்தல் போட்டு, மேடை அமைத்திருந்தார்கள். ஜீப் நிற்பதற்கு முன்பே மைக்கில் என் கணவரின் குரல் கேட்டது. இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மேடையில் உட்காரவைத்திருக்கிறார்கள். தம்பி வேண்டாமென்று தடுத்தாராம், இவர்தான் எழுந்து போனாராம். மூக்கில் குழாயோடு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, விட்டு விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"என் சம்சாரம் ஓடிக்கிட்டு இருக்குது. இப்ப வந்துரும். அது பாதில நிக்கிற ஆளு இல்ல."

நான் அப்போதுதான் ஜீப்பிலிருந்து ஒரு காலை ஊன்றி இறங்கினேன். அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் பிடித்துக்கொண்டது. மைக்கை யாரும் வாங்கவில்லை. அந்த இருமல் ஸ்பீக்கர் வழியாக மைதானம் முழுவதும் கேட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். நான் நொண்டிக்கொண்டே மேடையேறி அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

திரும்பும்போது மலைப்பாதையில் காரின் கண்ணாடியை இறக்கச் சொன்னார். வெளியே பார்த்தபடி கேட்டார்: "எதுக்குக் கை தட்டுனாங்க?"

தம்பி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிலிண்டர் சாயாமல் பிடித்துக்கொண்டேன்.

மிஷின்கள் சொன்னபடியே வந்தன. எங்கள் வீட்டுக்கும் ஒன்று கொடுத்தார்கள். நல்ல மிஷின். கார்த்திகை மழையில், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். மிஷினை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

மறு வருஷமும் ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் படத்தைப் பேனரில் போட்டுக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பள்ளியில் பிள்ளைகளை ஓடவிடும்போது இப்போது விசில் ஊதுவதில்லை; ஊத மூச்சை இழுத்தாலே மைக்கில் கேட்ட அந்த இருமல் ஞாபகம் வருகிறது. கையை அசைக்கிறேன், ஓடுகிறார்கள்.