ஒரு விரல் பிந்தி இறங்கிய பலகை

என் வீட்டுக்காரர் பிரகலாதனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டிருக்கும். கோயிலில் ஐயர் தீபம் காட்டுகிற நேரத்தில் இவர் மணிக்கயிற்றின் கப்பியை அண்ணாந்து பார்த்து, "உது தேஞ்சுபோச்சு" என்பார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் தையல் மெஷினை இன்னும் நன்றாக ஓடவைக்கிறேன் என்று கழற்றிப்போட்டு, ஒரு கிழமை, ஏழு நாளும், என்னைக் கையால் தைக்க வைத்தவர். ஆள் நல்லவர்தான். கூட இருந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

காங்கேசன்துறைக் கடற்கரையில் பிறந்தவர். சின்ன வயதில் சண்டை துரத்த, மருதனார்மடத்துப் பக்கம் வாடகை வீடுகளில் மாறி மாறி வளர்ந்தார். ஆமி பிடித்து வைத்திருந்த காணி விடுபட்டதும் முதல் ஆளாகத் திரும்பி வந்து படகு எஞ்சின் திருத்தும் கடை போட்டார். ஓரிடத்தில் இருக்கவிடாமல் வளர்ந்த பிள்ளை பிறகு எப்படி ஓரிடத்தில் இருக்கும் என்று சில நேரம் எனக்குப் பாவமாக இருக்கும். பல நேரம் எரிச்சல்தான் வரும்.

அந்த மனுசன் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் ஒரு விமானம் கட்டினார். இரண்டு பேர் இருக்கலாம். இறக்கைத் துணி முழுக்க நான் தைத்தது. பறக்க அனுமதி கொடுக்கிற அதிகாரி கொழும்பிலிருந்து வந்து பார்க்க வருடக்கணக்கில் காத்திருந்தோம். அதற்குள் வீட்டில் இவர் கழற்றிப் பூட்டாத குழாய் இல்லை. ஒருவழியாக அதிகாரி வந்தார். எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்து, ஒவ்வொரு நட்டிலும் சிவப்புப் பூச்சால் ஒரு கோடு வைத்தார். இனி எதையாவது தொட்டால் மீண்டும் தான் வந்து பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் பறப்புக்கு வெள்ளிக்கிழமை குறித்தாயிற்று. ஓட்டப்போகிறவன் டிலக்ஷன், விமானம் ஓட்டப் படித்துத் தேறிய சாவகச்சேரிப் பெடியன். செவ்வாய்க்கிழமை வந்து, ஓட்டுகிறவர் இருக்கும் சீற்றுக்குப் பின்னாலுள்ள மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தான்.

"அன்ரி, சிவப்புக் கோடு இருந்தால் நான் அந்த நட்டைப் பற்றி யோசிக்கமாட்டன். மேலை போய் நிண்டு யோசிக்கேலாதுதானே" என்று சிரித்தான். ரொட்டியும் சம்பலும் கொடுத்தேன். இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

புதன்கிழமை காலை அது இவர் கண்ணில் பட்டது. இறக்கைகளின் பின்னோரத்தில் கதவு மாதிரி இறங்கும் பலகைகள் இரண்டு உண்டு. பிளாப் என்பார்கள். தரையிறங்கும்போது வேகம் குறைந்து மெல்ல வர அவைதான் உதவும். காரின் ஹாண்ட்பிரேக் போல ஒரு பிடியை இழுத்தால் இரண்டும் ஒன்றாக இறங்கவேண்டும். இடப்பக்கப் பலகை ஒரு விரலளவு பிந்தி இறங்கியது. படகுக்காரப் புத்தி, ஸ்டியரிங்குக்குப் போடுவதுபோல் பக்கத்துக்கு ஒரு கேபிள் போட்டிருந்தார். கொட்டில் வெக்கையில் கிடந்து அதில் ஒன்று தளர்ந்துவிட்டது.

"ஒண்டு இறங்கி மற்றது நிண்டால் அப்பிடியே கவிண்டு போவான்" என்றார்.

"அப்ப கொழும்புக்குச் சொல்லுங்கோவன்."

"சொன்னால் திரும்ப வர ஆறு மாதமோ ஒரு வருசமோ, ஆர் கண்டது?"

கேட்கவா போகிறார்! கேபிள்களை வெட்டி எடுத்தார். சீற்றுக்குப் பின்னால் குறுக்கே ஒரே இரும்புக் குழாய் வைத்து, அதிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் கம்பித் தண்டு கொடுத்தார். இனி ஒன்று அசைந்தால் மற்றது அசையாமல் நிற்க வழியில்லை. வியாழன் மத்தியானம் என்னைக் கூப்பிட்டுப் பிடியை இழுக்கச் சொன்னார். இரண்டு பலகையும் சேர்ந்தே இறங்கின. வடிவான வேலை, அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

பிறகு, "உதயா, உன்ரை சிவப்புக் கியூட்டெக்ஸ் இருக்கோ?" என்றார்.

கனடாவிலிருந்து தங்கை அனுப்பிய நகப்பூச்சு அது. திறக்காமலே கிடந்தது. இவருக்கு எதற்கு என்று ஒரு கணம் விளங்கவில்லை. குழாயில் கோடில்லாமல் மினுங்கிய புது நட்டுகளைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"டிலக்ஷனுக்குச் சொல்லுவியளோ?"

"ஏன் பெடியனைச் சும்மா பயப்படுத்துவான்? முந்தியதைவிட இப்பதான் பத்திரம்."

இருக்கலாம். ஆனால் அந்தக் கேபிளையும் பத்திரம் என்று சொன்னது இதே வாய்தான்.

"எடுத்துக்கொண்டு வாறன்" என்று உள்ளே போனேன். கட்டிலில் இருந்தேன். பயம், கோபம், எல்லாம் சேர்ந்து வந்தது. அவரோடு கதைத்து வென்றவர் ஒருவரும் இல்லை. கண்ணால் கண்டால்தான் அவருக்கு ஏறும். போத்தில் மூடியைத் திறந்தேன். கலியாணத்துக்குப் பிறகு ஒருநாளும் பூசாதவள், பத்து விரலுக்கும் பூசினேன். பிறகு காலுக்கு. பிறகு மேலுக்கு மேலாக, போத்தில் வற்றும்வரை.

கொட்டிலுக்குப் போய் இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"முடிஞ்சுது. வேணுமெண்டால் வேறை வாங்குங்கோ, கடை திறந்துதான் கிடக்கு. ஆனால் நாளைக்கு அந்தப் பெடியன் ஏறேக்கை நான் இந்தக் கையாலைதான் டாட்டா காட்டுவன்."

அவர் என் கையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். திரும்பக் கையைப் பார்த்தார். பிறகு அப்படியே நிலத்தில் குந்தி, போனை எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு வராதை. நான் கை வைச்சிட்டன்."

அந்தப் பக்கம் அவன் சொன்னதில் "தாங்ஸ் அங்கிள்" என்பது மட்டும் எனக்கும் கேட்டது.

"இனிக் கொழும்பாள் வருமட்டும் நான் என்ன செய்யிறது?" என்றார் என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளைபோல. எனக்கு அழுகை வந்துவிட்டது. பூச்சுக் காயாத கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. அவர்தான் எழும்பி வந்து துடைத்துவிட்டார். என் முகமெல்லாம் கிரீஸ்.